கார்டில் மூன்றாவது பேர்

"ரேஷன் கார்டுல இருக்கிற மூணு பேரும் நாளைக்குக் காலைல வீட்டுல இருக்கணும். இன்ஸ்பெக்டர் ஆளை எண்ணுவாரு. கொறைஞ்சா போலி கார்டுன்னு ரத்து" என்று சொல்லிவிட்டுத் தலையாரி அருணகிரி சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

சின்னசாமி பாதி குடித்த டீயைக் கீழே வைத்தார். அதில் சர்க்கரை இரண்டு கரண்டி தாராளமாகவே இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்பு, 2002-இல், ஒரே பிள்ளை முருகையன் வந்து, "நான் பொண்ணுப்பா. என் பேரு கஸ்தூரி" என்று சொன்னதும், பிள்ளையின் துணிப்பையைத் தெருவில் வீசி விரட்டியவர் அவர். "எனக்குப் பிள்ளையே இல்ல" என்று அடி அண்ணாமலை ஊர் முழுக்க அறிவித்தார். ஆனால் அந்த இல்லாத பிள்ளையை ரேஷன் கார்டில் மட்டும் அடிக்கவில்லை. தலைக்கு அரை கிலோ சர்க்கரை அல்லவா? ரேஷன் கடைப் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. அதெல்லாம் பொம்பளை வேலையாம்.

"இப்ப இன்னாடி பண்றது?" என்றார் மனைவி திரௌபதியிடம்.

"பெத்தது எங்க இருக்குதுன்னு தெரியாதா? போய்க் கூப்பிடுங்க."

"அங்க என் செருப்பு போவும்!"

செருப்பு முதலில் போனது அக்கா மகன் வல்லரசு வீட்டுக்கு.

"ஒரு அரை மணி நேரம் முருகையனா நில்லுடா."

"இன்னா மாமா, என் பேரு எங்க கார்டுல இருக்குதே. எங்க வீட்டுல என்னை எண்ணிட்டுத்தான் உங்க வீட்டுக்கு வருவாரு."

இதை அவன் டீக்கடையில் சொல்லிச் சிரிக்க, மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துபோனது.

சாயங்காலம் அதே செருப்பு, ரமணாசிரமத்துப் பக்கம் கஸ்தூரி சமையல் செய்யும் விடுதிக்கும் போனது. கையில் ஒரு பேண்ட், ஒரு சட்டை.

"நாளைக்கு ஒரு நாள் இதப் போட்டுக்கினு வா."

கஸ்தூரி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆறு வருஷம் கழிச்சு வந்து குடுக்கறது சட்டையா? அம்மாவுக்காக வரேன். புடவையிலதான் வருவேன். நீ ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடு, போதும்."

சின்னசாமி வாயைத் திறந்தார், மூடினார். ஊரில் எல்லோரையும் ஏசுகிற அந்த வாய்க்கு நாலு எழுத்து வரவில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் பலராமன் நோட்டோடு வந்தார். வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டிருந்தது.

"மூணாவது ஆள் எங்கப்பா?"

சொன்னபடி புடவையில் வந்திருந்த கஸ்தூரி முன்னால் வந்தாள். சின்னசாமி முந்திக்கொண்டார்.

"இது யாருன்னே தெரியாது சார். என் பையன் செத்து ஆறு வருஷம் ஆவுது."

"செத்த ஆளு பேர்ல ஆறு வருஷமா சர்க்கரையா? கேஸ் ஆயிடும், தெரியுமில்ல?"

"ஐயோ, சாவல சார்! இதுதான் சார்! நான் பெத்ததுதான்! முருகையன்! யாரை வேணா கேளுங்க!"

யாரிடம் இத்தனை நாள் பிள்ளையே இல்லை என்று சாதித்தாரோ, அந்தத் தெருவையே சாட்சிக்குக் கூப்பிட்டார். தெரு மகிழ்ச்சியோடு தலையாட்டியது.

பலராமன் நோட்டைப் புரட்டினார். "முருகையனா? அப்படி யாருமில்லியே. சின்னசாமி, மனைவி திரௌபதி, மகள் கஸ்தூரி." நிமிர்ந்தார். "கஸ்தூரி யாரும்மா?"

"நான்தாங்க." பிறந்த வீட்டு வாசலில் அந்தப் பேரை ஒருவர் உரக்கச் சொல்லி அன்றுதான் கேட்டாள்.

"மூணும் சரியா இருக்குது" என்று டிக் அடித்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

சின்னசாமி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

டீயை ஆற்றிக்கொண்டே திரௌபதி சொன்னாள்: "புது கார்டு போட்டப்பவே நான் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். மூணு வருஷமா நீங்க கலக்கிக் குடிச்சது யார் பேர்ல வாங்கின சக்கரைன்னு நெனச்சீங்க?"