நாடு தப்பு, சாமி!

தொலைந்துபோனது என்று இந்த உலகத்தில் எதுவுமே கிடையாது, எல்லாம் எங்கேயோ ஒரு தப்பான முகவரியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது என்று நம்புகிற மனுஷி பூமியில் ஒரே ஒருத்திதான். அது எங்கள் தபாலக்கா. ஓடிப்போன ஆடு, வராத மழை, நின்றுபோன கல்யாணம் என்று எதைச் சொல்லி அழுதாலும் அவரிடமிருந்து வருகிற முதல் கேள்வி இதுதான்: "அட்ரஸ் சரியாச் சொன்னீங்களா?"

கொல்லிமலையில் எங்கள் தேவனூர் நாட்டுப் பக்கம் தபால் கொடுப்பவர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். பெயர் என்று ஒன்று நிச்சயம் இருக்கும். அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். காலைப் பனியில் முதலில் அவருடைய ஸ்கூட்டர் ஹாரன் வரும். பிறகு மங்கலாக ஒரு விளக்கு. பிறகு யாரையோ திட்டுகிற குரல். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அக்கா வருவார்.

மலையில் நாங்கள் ஊர்களைக் கூட்டம் கூட்டமாக 'நாடு' என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஒரே பெயரில் இங்கே ஒரு கிணத்துப்பட்டி, அங்கே ஒரு கிணத்துப்பட்டி இருக்கும். அதனால் நாட்டின் பெயர் எழுதாத முகவரி அக்காவுக்கு வேட்டி கட்டாத மாப்பிள்ளை மாதிரி. கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்.

ஒருமுறை காரில் வந்த சென்னைக்காரர் ஒருவர், தங்கியிருக்கும் விடுதிக்குத் திரும்பிப் போக வழி கேட்டு அவரிடம் மாட்டிக்கொண்டார்.

"எந்த நாட்டுலீங்க தங்கியிருக்கறீங்க?"

"நாடா? இந்தியாதாங்க."

"அது தெரியுதுங்க. அதுல எந்த நாடு?"

மனிதர் பயந்துபோய் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.

அக்காவையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பார்க்க வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார், நாடு மாறி, வளப்பூர் நாட்டில் இருக்கும் அதே பெயருள்ள ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பூவும் வைத்துவிட்டு வந்தார்கள். கல்யாணமும் நடந்தது. இப்போது இரண்டு குழந்தைகள். அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை.

"நல்லாத்தான் இருக்கறாங்க, அது வேற. ஆனா அந்தப் புள்ளைங்க ரெண்டும் தப்பான அட்ரஸ்ல பொறந்ததுங்க!"

இப்படிப்பட்டவர் என் வாழ்க்கைக்குள் நுழைந்தது போன வருடம், பனி இறங்கிய ஒரு காலையில். பதினொரு மணிக்கு எனக்கு பெங்களூர் கம்பெனி ஒன்றோடு ஆன்லைன் நேர்காணல். அதற்கு முன் கல்லூரியிலேயே ஏழு நேர்காணல்களில் தோற்றிருந்தேன். இதுவும் போனால் திருப்பூரில் மாமா வீட்டில் தங்கி பனியன் மடிக்கப் போவதாக அப்பாவோடு ஒப்பந்தம். எங்கள் வீட்டில் செல்போன் டவர் எடுக்காது. அதனால் காளப்பநாயக்கன்பட்டியில் கேபிள் கடை வைத்திருக்கும் பாய், முந்தின நாள் சாயங்காலம்தான் மலையேறி வந்து, பலாமரத்துக்குப் பலாமரம் கம்பி இழுத்து வீட்டில் வைஃபை வைத்துக் கொடுத்திருந்தார். செல்லில் பார்த்தோம், படம் ஓடியது. கைதட்டினோம். லேப்டாப்பில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் படித்தவளுக்கு அந்த அளவுக்குத் தன்னம்பிக்கை.

பத்தே காலுக்கு லேப்டாப்பைத் திறந்தேன். வைஃபை இணைந்தது. கீழே ஒரு வரி: 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை.'

படித்த வித்தை அத்தனையும் இறக்கினேன். அணைத்துப் போட்டேன். விமானப் பயன்முறைக்குப் போய் வந்தேன். வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி அறிமுகப்படுத்தினேன். மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்கி முப்பது எண்ணிச் செருகினேன். சிக்கலைத் தானே கண்டுபிடிக்கும் என்று லேப்டாப்பிலேயே ஒரு வசதி உண்டு. அது நெடுநேரம் யோசித்துவிட்டு, சிக்கல் எதுவும் தென்படவில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "செல்லுக்கு வருதில்ல கண்ணு? பொட்டிக்கு மட்டும் ஏன் வரல? நீ அத ஏதாச்சும் திட்டி வஞ்சியா?"

செல்லில் பேசிவிடலாம்தான். ஆனால் அவர்கள் கண்ணெதிரே நிரல் எழுதிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அதைச் செல்லில் எழுதுவது கொண்டை ஊசி வளைவில் கோலம் போடுகிற வேலை.

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க, சுற்றுவது வட்டமா நானா என்று தெரியவில்லை. நான் அனுப்பிய கேள்விகளெல்லாம் மிளகுக் கொடிகளுக்கு மேலே, வெள்ளை வெளியில், போகுமிடம் தெரியாமல் மிதந்துகொண்டிருப்பது போல இருந்தது. திருப்பூரில் மடித்து அடுக்கிய பனியன்களும் இதே வெள்ளையாகத்தான் இருக்கும்.

அப்போது ஹாரன் கேட்டது. விளக்கு. திட்டு. அக்கா.

அப்பாவுக்கு வந்த பதிவுத் தபாலுக்கு அம்மாவிடம் கையெழுத்து வாங்கியவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்ன சாமி, மூஞ்சி சுருங்கிக் கெடக்குது?"

"வைஃபை கனெக்ட் ஆவுதுங்க்கா. நெட்டுதான் வரல. பதினோரு மணிக்கு இன்டர்வியூ."

"அட்ரஸ் என்ன?"

"ஏனுங்க்கா, எங்கூட்டு அட்ரஸ் உங்களுக்குத் தெரியாதா?"

"உன்ற அட்ரஸ் இல்ல. பொட்டியோடது!"

எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் முகவரி உண்டுதான். ஆனால் அதை அக்காவிடம் விளக்க இதுவா நேரம்? மணி பத்து ஐம்பது. ஆளை அனுப்பிவைத்தால் போதும் என்று அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கடித உறையைப் படிக்கிற அதே கண்டிப்போடு படித்தார்.

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. இது ஜில்லா. நூத்தி அறுவத்தெட்டு, தாலுக்கா. அப்பறம் சைபர். கடைசீல நாப்பத்தேழு, ஊட்டு நம்பரு. செரி, செல்லோடதக் காட்டு. அதுக்குத்தான் ஒழுங்கா வருதில்ல?"

செல்லைக் காட்டினேன்.

"அதே ஜில்லா. அதே தாலுக்கா. அப்பறம் ஒண்ணு. ஊட்டு நம்பரு அஞ்சு." அக்கா கண்ணாடியைக் கழற்றினார். மலை அதிர ஒரு சத்தம் போட்டார். "நாடு தப்பு, சாமி! இது ஒண்ணாம் நாடு. உன்ற பொட்டி சைபர் நாட்டுல குந்தியிருக்குது. எப்புடி வரும் தபாலு?"

என் உச்சியில் யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றினார்கள். கல்லூரி விடுதி! அங்கே அறைக்கு ஓர் எண் என்று நிரந்தரமாகக் கொடுத்திருந்தார்கள். முதல் வருடம் என் கையாலேயே அதை லேப்டாப்பில் எழுதியிருந்தேன். படிப்பு முடிந்து, மூட்டை கட்டி, வளைவு வளைவாக வாந்தி எடுத்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன். லேப்டாப் மட்டும் இன்னும் விடுதியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, அந்த வாசலையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

பழைய எண்ணை நீக்கி, 'முகவரியைத் தானாகப் பெறுக' என்பதை அழுத்தினேன். வட்டம் நின்றது. இணையம் வந்தது. மணி பத்து ஐம்பத்தேழு.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "தானா வாங்கிக்குமா? அட்ரஸ ஆராச்சும் தானா வாங்குவாங்களா? நாளைக்கு வேறொண்ணு குடுத்தா?"

"குடுக்கும்க்கா. மாத்தி மாத்திக் குடுக்கும்."

"அட நாடோடி!" என்று லேப்டாப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நேர்காணல் ஒரு மணி நேரம். திரையில் மூன்று முகங்கள். பனி அறையை நிறைத்து என் தோள் வரைக்கும் வந்திருந்தது. நடுவில் இருந்தவர், "பின்னணியை மங்கலாக்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை சார், அது பனி," என்றேன். மூவரும் சிரித்தார்கள். அதன் பிறகு என் விரல்களுக்குப் பயம் போய்விட்டது. எழுதினேன், பேசினேன், எங்கேயோ மேகத்துக்குள் நின்றுகொண்டு யாருக்கோ கையசைப்பது போல இருந்தது. கடைசியில் அவர், "ரொம்ப அமைதியான இடம் போலிருக்கிறது," என்றார்.

பத்து நாளில் வேலை கிடைத்தது. நியமன உத்தரவு மின்னஞ்சலில் வந்ததை, தன் கையால் கொண்டுவந்து கொடுக்க முடியாமல் போனதை, அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் அந்த 'அமைதியான இடம்' பற்றி நான் சொல்லியாக வேண்டும். நேர்காணல் முடிந்து ஜன்னலுக்கு வந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பக்கத்து வீட்டுப் பசுவை ஜன்னலுக்கு அடியில்தான் கட்டியிருப்பார்கள். அதன் கழுத்து மணி ஒரு நிமிடம் ஓயாது. அன்று சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். பனிக்குள் பாதி கரைந்தபடி தபாலக்கா நின்றிருந்தார். ஒரு கையால் பசுவுக்குப் பலா இலை. இன்னொரு கையால் அதன் மணியை இறுகப் பொத்தியிருந்தார்.

"முடிஞ்சுதா சாமி?" என்று உதடு மட்டும் அசையக் கேட்டார்.

தலையாட்டினேன். கையை எடுத்து உதறிக்கொண்டார். ஒரு மணி நேரம் சேர்த்து வைத்திருந்த சத்தத்தையெல்லாம் பசு ஒரே ஆட்டில் ஆட்டித் தீர்த்தது. "நாலு ஊரு பாக்கி, வாரேன்," என்று அவர் ஸ்கூட்டரை உதைத்துப் பனிக்குள் போய்விட்டார். அன்று தேவனூர் நாட்டுக்கு வரவேண்டிய கடிதங்கள் எல்லாம், அந்தப் பையோடு, ஒரு மணி நேரம் எனக்காக மூச்சடக்கி நின்றிருந்தன.