பதினோரு மணிக் கூடை

"கூடையில என்ன சார்?" என்று தையல் தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் மறித்தபோது, பெரியவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சாப்பாடு."

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கூடையில் இருந்தது சாப்பிடப் போகிற ஆள். மூன்று மாதப் பேத்தி, மெல்லிய வலைத்துணிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மருமகளுக்கு உள்ளே மெஷினில் வேலை. கைக்குழந்தைக்காரிகளுக்குப் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் பால் கொடுக்க இருபது இருபது நிமிடம் உண்டு. பேத்திக்கோ புட்டியைக் கண்டாலே ஆகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டினி கிடப்பாள். தினமும் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிற மனைவிக்கு இன்று காலில் சுளுக்கு.

"இன்னிக்கு ஒரு நாள் பீரங்கி போயிட்டு வரட்டுமே" என்று அவள் சிரித்தாள்.

பீரங்கி, பெரியவருக்கு அவருடைய அம்மா வைத்த செல்லப்பெயர். தன் கம்பீரத்தைப் பார்த்து வைத்தது என்பது அவர் நம்பிக்கை.

"எங்க அம்மா அதே தொழிற்சாலையில இருபத்தஞ்சு வருஷம் தலை நிமிர்ந்து வேலை பார்த்தவங்க. வீட்டு விஷயத்தை ஒரு நாளும் அந்த வாசலுக்குள்ள கொண்டுபோனதில்ல. பால் குடுக்கறதை ஊரறியச் செய்யறது நம்ம குடும்பத்துக்கு அழகா?"

"அழகு கிடக்கட்டும். பிள்ளை பசி தாங்காது. கிளம்புங்க."

கிளம்பியவர்தான் இப்போது வாசலில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"சாப்பாடு உள்ள விடமாட்டாங்க சார், துணியெல்லாம் கறையாயிடும். அந்த அலமாரியில வச்சிட்டுப் போங்க."

"அலமாரியிலயா!" பெரியவருக்கு வியர்த்தது. "இல்லப்பா, இது... மேனேஜர்கிட்ட காட்டக் கொண்டுவந்தது."

வாட்ச்மேன் உடனே விறைப்பாக ஒரு சலாம் வைத்தான். தாய்மார்கள் அறையைத் தாண்டி, அதற்குள் மருமகள் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருப்பதையும் தாண்டி, அவரை நேராக மேனேஜர் அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தான். மணி பதினொன்று ஐந்து.

"சொல்லுங்க ஐயா, என்ன விஷயம்?" என்றார் மேனேஜர்.

கூடைக்குள் ஒரு முனகல். பெரியவர் இருமினார். மறுபடியும் முனகல். இன்னும் பலமாக இருமினார்.

"தண்ணி குடிங்க."

வாய் நிறையத் தண்ணீர் இருந்த நேரம் பார்த்து மூன்றாவது முனகல் வந்தது. இருமினார். மேனேஜரின் காகிதங்கள் நனைந்தன.

"ஐயா, நெஞ்சு அடைக்குதா?"

ஆமாம் என்றால் வெளியே விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, தலையை ஆட்டிவைத்தார். அவ்வளவுதான். அபாய மணி அலறியது. மெஷின்கள் நின்றன. ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் ஓடிவந்தார்கள், அவர்கள் பின்னால் தையல் பிரிவே ஓடிவந்தது. மணிச் சத்தத்தில் விழித்த பேத்தி போட்ட கூச்சலில், மணிச் சத்தமே கேட்காமல் போனது.

மருமகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "மாமா! உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே. "பிள்ளைக்குத்தான் பசி."

அவள் குழந்தையை வாரி எடுத்தாள். பக்கத்தில் இருந்தது மேனேஜர் நாற்காலி. அதிலேயே உட்கார்ந்தாள். மேனேஜர் கூட்டத்தை வெளியேற்றி, ஸ்ட்ரெச்சரையும் தள்ளச் சொல்லி, கடைசியாகத் தானும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"மானம் போச்சே! கொஞ்சம் மறைவா வச்சுக்கக் கூடாதா?" என்று பெரியவர் கதவைப் பார்த்துப் புலம்பினார்.

"எதுக்கு மாமா மறைக்கணும்?" உள்ளிருந்து குரல் வந்தது. "இது யாரோ போட்ட பிச்சையா? எங்க உரிமை. வெட்கப்பட்டுக்கிட்டாவது தூக்கிட்டு வந்தீங்களே, அதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

கூச்சல் நின்றிருந்தது. மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவருக்கு இப்போது நிஜமாகவே நெஞ்சு அடைத்தது. இருந்தாலும் விறைப்பை விடவில்லை.

"எங்க அம்மா காலத்துல இதெல்லாம் இல்லப்பா" என்றார் வாட்ச்மேனிடம்.

"அந்தக் காலத்துலதான் சார் வந்ததே! பன்னிரண்டாம் மெஷின்ல இருந்த ஒரு அம்மா, பிள்ளையைக் கூடையில வச்சுத் தூக்கிட்டு நேரா இதே ரூமுக்கு வந்து, முதலாளி நாற்காலியிலயே உட்கார்ந்து பால் குடுத்தாங்களாம். கேட்டதைக் குடுக்கற வரைக்கும் எழுந்திருக்கலையாம். அன்னிக்கு வாங்கினதுதான் இந்த இருபது நிமிஷம். நானே அதுல வளர்ந்தவன் சார்."

பெரியவர் ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்தார். "யாருப்பா அந்த அம்மா?"

"அவங்க பேரு தெரியாது சார். ஆனா பிள்ளை போட்ட சத்தத்துல முதலாளி ஒரு கையால காதைப் பொத்திக்கிட்டே கையெழுத்துப் போட்டாராம். பிள்ளைக்கு அவங்க வச்ச செல்லப்பெயரால இன்னிக்கும் இதை நாங்க 'பீரங்கி நேரம்'னுதான் சொல்றோம். அந்தப் பிள்ளை எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும் சார்!"