மொத வண்டியும் செவலை வம்சமும்

ஜனவரி பதினான்கு, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து ஐம்பது. வானத்தில் மேகம் இல்லை. லேசான குளிர். காற்று கிழக்கிலிருந்து, அதாவது எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து நேராக என் மூக்குக்கு. பெங்களூரின் தலைசிறந்த பிடிவாதக்காரர் தன் வாழ்நாளில் முதல் முறையாக இரண்டடி பின்னால் நகர்ந்த நேரம் அது.

ஜீவனஹள்ளியில் எங்கள் தெரு முழுக்க அவருக்கு 'மொத வண்டி' என்றுதான் பெயர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மாடுகளை ஓட்டிவந்து, கண்டோன்மென்டுக்குப் பால் ஊற்றிப் பிழைத்த குடும்பங்களின் வாரிசு. ஏரிக்கரையும் புல்லுமாக இருந்த இந்த இடத்தில் முதலில் வந்து நின்றது தன் பாட்டனின் மாட்டுவண்டி என்பதை, வணக்கம் சொல்வதற்குப் பதிலாகச் சொல்வார். கொரியர் பையனையும் விடமாட்டார். மின்சார மீட்டர் பார்க்க வந்த ஒருவர் கதையைப் பாதியில் நிறுத்த வழி தெரியாமல், மீட்டரைப் பார்க்காமலே ஓடிப்போனார்.

அவர் வீட்டில் மேலே இரண்டு மாடி மனிதர்கள், தரைத்தளத்தில் கொட்டகை. நான் குடிவந்த புதிதில் நாற்றத்தைப் பற்றி நான்கு முறை புகார் செய்தேன். நான்காவது முறை அவரே படியேறி வந்தார்.

"ஆடிட்டர் சார், நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த வாசனை இங்க குடிவந்திடுச்சு. அதுக்கு நீங்கதான் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

அவருடைய நிரந்தர எதிரி அவர் தங்கையின் கணவர். இவர் வீட்டாரும் அதே நாளில்தான் வந்தவர்கள். ஆகவே தெரு இவரை 'ரெண்டாம் வண்டி' என்றது.

"ஏரிக்கரையில அச்சாணி கழண்டு குந்திக்கினு இருந்தது யாரு வண்டி மச்சான்? எங்க தாத்தா கழி வெட்டிக் குடுக்கலன்னா நீ இன்னும் அங்கியேதான் இருப்ப!"

"வண்டி நின்னா இன்னா? வண்டியில கட்டியிருந்த செவலை நடந்து வந்துச்சில்ல? மொதல்ல கால் வெச்சது எங்க செவலை!"

செவலை என்ற பசு முதலில் கால் வைத்ததை மட்டும் ரெண்டாம் வண்டியும் மறுப்பதில்லை. அதனால்தான் ஒரு வழக்கம். சங்கராந்தி மாலை தெருவில் வைக்கோலைப் பரப்பிக் கொளுத்தி, அலங்கரித்த மாடுகளைத் தாண்ட வைப்பார்கள். செவலை வம்சம் முதலில் தாண்டும். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்கு முன் நிற்கும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் மொத வண்டி மற்ற நாட்களில் உயிர்வாழ்ந்தார்.

இந்த முறை, முதலில் வந்த குடும்பங்களின் வரலாற்றைப் பலகையில் எழுதிக் கோயில் சுவரில் மாட்டக் கமிட்டி முடிவு செய்தது. யாருக்கும் உறவில்லை, யார் சொல்வதையும் நம்புவதில்லை என்ற இரண்டு தகுதிகளுக்காக அந்த வேலை எனக்கு வந்தது.

கொட்டகையில் காபியோடு உட்கார்ந்தோம். வேவு பார்க்க ரெண்டாம் வண்டியும் வந்திருந்தார்.

"உங்க பாட்டனார் பேரு?"

மொத வண்டி யோசித்தார். "காமாட்சி காலத்துல இருந்தவரு சார்."

"காமாட்சி யாரு?"

"செவலையோட பொண்ணு. காமாட்சி பொண்ணு குள்ளச்சி. குள்ளச்சி பொண்ணு கங்கா. எல்லாம் செவ்வாழப்பழம் மாதிரி நெறம்." இருமினார். "அப்புறம் இதோ, இவ."

அவர் காட்டிய பசு கறுப்பும் வெள்ளையுமாக, கோலம் அழிந்த வாசல் போல இருந்தது. ஓசூர் சந்தையில் வாங்கியது என்று தெருவுக்கே தெரியும்.

நாற்பது வருட ஆடிட்டர் பழக்கம். கணக்கு இடித்தால் வாய் சும்மா இருக்காது. "நாலு தலைமுறை சிவப்பு, அஞ்சாவது எப்படிக் கறுப்பு வெள்ளை? கங்கா எங்கே போனா?"

மொத வண்டியின் மனைவி, பாதிக் காபி இருக்கும்போதே டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கூச்சலிடுவார் என்று நான் பயந்த ரெண்டாம் வண்டி, விட்டத்தைப் பார்த்தார்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது, கங்கா தங்கையின் கல்யாணத்தில் சீராகப் போனவள். சீர் கொடுத்த மாட்டைக் கொடுத்தவர் 'எங்களுது' என்று சொல்லக் கூடாது. வாங்கியவர் அதை வைத்துப் பெருமை பேசக் கூடாது. மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்ட இரண்டு வீடுகளும் இதை மட்டும் வாய்திறக்காமல் காப்பாற்றி வந்திருந்தன. செவலை வம்சம் முழுக்க ரெண்டாம் வண்டியின் கொட்டகையில் இருந்தது.

அதன்பின் மொத வண்டி யாரிடமும் கதை சொல்லவில்லை. கொரியர் பையனே என்னிடம், "தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டான். எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. மொத வண்டியின் முன் போய் நின்றேன்.

"பலகையில கங்காவை விட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"விடாதீங்க சார். மாட்டை விட்டுட்டா அப்புறம் நாங்க யாரு?"

சங்கராந்தி மாலை, ஐந்து ஐம்பது. வைக்கோல் பற்றியது. மாலை போட்ட கறுப்பு வெள்ளையோடு மொத வண்டி முன்னால் நின்றார். அவர் கயிற்றைச் சுருட்டினார். இரண்டடி பின்னால் வந்தார்.

"மச்சான், உன் வீட்டுப் பசுவை இட்டாந்து முன்னால நிறுத்து."

ரெண்டாம் வண்டி கங்காவின் மகளை ஓட்டிவந்தார். செவ்வாழைப்பழ நிறம். கயிற்றை மொத வண்டியின் கையில் திணித்தார்.

"நீ புடி மச்சான். எனக்கு நெருப்புன்னா பயம்."

பச்சைப் பொய். கைமாறிய கயிற்றை மொத வண்டி பார்த்தார். பிறகு பசுவோடு சேர்ந்து அவரும் தாண்டினார். வேட்டி கருகியது.

அந்தப் பசுவுக்கு ஒரு கிடாரிக் கன்று இருந்தது. தங்கை அதை அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லி அழுதாள். சீரைத் திரும்ப வாங்கமாட்டேன் என்றார் மொத வண்டி. மச்சானிடம் காசு வாங்கமாட்டேன் என்றார் ரெண்டாம் வண்டி. மூன்றாம் மனிதன் வாங்கி, மொத வண்டியின் கொட்டகையில் கட்டினால் யார் மானமும் போகாது என்று கமிட்டி கண்டுபிடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரெண்டாம் வண்டி ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

பலகை இப்போது சுவரில் இருக்கிறது. 'முதலில் வந்தவள்: செவலை. கூட வந்தவர்கள்:' என்று தொடங்கி, இரண்டு குடும்பமும் ஒரே வரியில்.

கன்றுக்குப் பெயர் வைக்க என்னை யாரும் கேட்கவில்லை. விடிந்தால் எதிர்க்கொட்டகையிலிருந்து குரல் வருகிறது: "ஏய் ஆடிட்டர்! எழுந்திரும்மா, தண்ணி குடி!" ஒவ்வொரு நாளும் நானும் எழுந்து தண்ணீர் குடிக்கிறேன். காற்று கிழக்கிலிருந்து வீசினாலும் இப்போது ஜன்னலைச் சாத்துவதில்லை.

கன்று, கயிறு, கழுத்து மணி எல்லாம் சேர்த்து, பதினோராயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.