கடல்வழி நல்லொழுக்கக் குழுவின் மகத்தான வெற்றி

முன்காலத்தில் மனிதர்கள் மிளகுக்காகவும் தங்கத்துக்காகவும் கடலில் இறங்கினார்கள். அதெல்லாம் சின்னப் புத்தி. இந்த நூற்றாண்டில் மனித குலம் முதிர்ந்துவிட்டது. இப்போது அது கடலில் இறங்குவது, தான் பெற்ற பிள்ளையோடு நாலு வார்த்தை பேசுவதற்காக. ஒரே கூரையின் கீழ் முடியாத அந்தக் காரியத்தைப் பதினாறு மாடிக் கப்பலில், நாலாயிரம் பேர் நடுவில், நீர்ச்சறுக்கு சகிதம் செய்து முடிப்பதை நாகரிகத்தின் உச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வெய்ன் நகரத்து லோர்னா வெட்செல் அந்த உச்சிக்கு ஏறியது ஒரு வசந்த விடுமுறையில். அவள் மகள் டெலேனிக்குப் பதினேழு வயது. ஆகஸ்ட்டில் கல்லூரிக்குப் போக வேண்டியவள். எந்த ஊர்க் கல்லூரி என்பதுகூடத் தாய்க்குத் தெரியாது. கேட்டால் "பாக்கலாம்" என்பாள். ஒன்றரை வருடமாக டெலேனி வீட்டில் பேசியதையெல்லாம் திரட்டினால் "ம்", "சரி", "தெரியல", "பாக்கலாம்" என்று கட்டைவிரல் நகத்தில் எழுதி முடித்துவிடலாம். மீதிப் பேச்செல்லாம் போனோடு. அவள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் ஒரே ஒரு முறை உட்கார்ந்து பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் லோர்னாவின் ஆசை. பெரிய ஆசை இல்லை, பாவம்.

"நடுக்கடல்ல எங்க ஓடிடுவா?" என்று கணவனைக் கேட்டாள்.

கணவன் டுவைட், வீடுகளுக்குக் கணப்பு இயந்திரம் விற்கிறவன். "அவளுக்கு நீச்சல் தெரியுமே" என்றான்.

ஆனாலும் பணம் கட்டினான். நால்வருக்கும் ஒரே நீலத்தில் பனியன் அச்சடித்தார்கள்: 'வெட்செல் குடும்பம்: அலையிலும் ஒன்றாக'. பதின்மூன்று வயது மகன் கோல்ட்டன் அதை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டு ஃப்ளோரிடாவில் கப்பல் ஏறினான்.

ஏறியதும் உயிர்காப்பு ஒத்திகை. எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, ஆபத்து வந்தால் எந்தப் படகு என்று சொல்லிக்கொடுத்தார்கள். வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த இடத்தில்தான் ரொண்டா ஷூமேக்கர் அவர்கள் திருவாய் மலர்ந்தார். கோகோமோ நகரத்துப் பள்ளியில் பெற்றோர் சங்கத் தலைவி. எதிர்த்து நிற்க ஆளில்லாததால் ஆண்டுதோறும் ஏகமனதாகத் தேர்வாகிறவர்.

"கப்பல் முழுகினா படகு இருக்கு" என்றார். "பிள்ளைங்க கெட்டுப்போனா என்ன இருக்கு?"

கேட்டவர்கள் சிலிர்த்துப்போனார்கள். ஐந்து நிமிடத்தில் 'கடல்வழி இளையோர் நல்லொழுக்கக் குழு' பிறந்துவிட்டது. முதல் தீர்மானம்: கப்பலில் உள்ள பிள்ளைகளின் போன்கள் அனைத்தும் அறைப் பெட்டகத்தில் பூட்டப்படும். திறக்கும் எண் பெற்றோர் வசம்.

"நம்ம போன்?" என்று டுவைட் கவலையோடு கேட்டான்.

"நம்ம போன் இல்லாம குழு எப்படிங்க இயங்கும்?" என்றார் ரொண்டா.

நியாயமான பேச்சு. அங்கேயே குழுவுக்கென்று ஓர் 'அவசரச் செய்தித் தொடர்பு' ஏற்பட்டது. எல்லாப் பெற்றோரின் போனும் அதில் இணைந்தது. இருபது குடும்பத்துக்காரர்கள் பிள்ளைகளின் போன் மோகத்தைப் பற்றிப் போனில் இரவுபகலாகக் கவலைப்படத் தொடங்கினார்கள்.

முதல் இரண்டு நாள் பிள்ளைகள் கரையில் எடுத்துப் போட்ட மீன் மாதிரி கிடந்தார்கள். கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போகும், வெறுங்கையோடு திரும்பும். கோல்ட்டன் ஐஸ்கிரீம் பிழியும் இயந்திரத்தின் குழாயடியிலேயே குடியிருந்தான். கப்பலின் 'இளையோர் மகிழ்ச்சி அலுவலர்' மிலேனா என்ற குரோஷியாப் பெண்ணைக் குழு விசாரணைக்கு அழைத்தது.

"பதின்ம வயசுக்காரங்களுக்குன்னே தனி அறை இருக்குங்க. பெரியவங்க உள்ள வரக் கூடாது" என்றாள் மிலேனா.

"பிள்ளைங்க வராங்களா?"

"அவங்களும் வரதில்ல."

பிறகு மௌன நடனம் ஏற்பாடாயிற்று. ஆளுக்கொரு ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பாட்டுக்கு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆட வேண்டும். வெளியே ஒரு சத்தம் கேட்காது. குழு இதை வெகுவாகப் பாராட்டியது. "இதை வீட்டுக்கு வாங்கிட்டுப் போக முடியுமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார்.

வினை மூன்றாம் நாள் வந்தது. டெலேனி ஒரு சீட்டுக்கட்டைக் கண்டெடுத்துவிட்டாள்.

இந்தியானாக்காரர்களுக்கு யூக்கர் என்ற சீட்டாட்டம் என்றால் உயிர். சீட்டுக்கட்டில் பாதிகூட வேண்டாம். ஆனால் ஆள் நாலு பேர் வேண்டும், இரண்டிரண்டு பேர் ஜோடி. டெலேனி, கோல்ட்டன், ரொண்டாவின் மகன் எவரெட், ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு பெண், நாலு பேரும் காப்பிக் கடை ஓரமாக ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்தார்கள். அரைமணியில் சத்தம் ஆரம்பித்தது.

"டேய், ராஜாவைக் கையில வெச்சுக்கிட்டு எதுக்குடா முழிக்கிற?"

"உன் ஜோடிக்கு மூளை இருக்கான்னு பாத்துட்டிருந்தேன்."

"இருந்தா உங்கூட ஜோடி சேருவாளா?"

அப்புறம் சிரிப்பு. அடுத்த தளம் வரைக்கும் கேட்கிற சிரிப்பு. ரொண்டா அவர்கள் ஓடிவந்து தூணுக்குப் பின்னால் நின்று கண்காணித்தார். அவசரச் செய்தி பறந்தது: "சிரிக்கிறார்கள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தால் எதிரே மனிதர்கள்தான் இருக்கிறார்கள்."

அதைவிடப் பெரிய ஆபத்து அன்று மாலை, எல்லாரும் கோட்டும் கவுனும் போட்டு உட்காரும் விருந்தில் வெளிப்பட்டது. கேளுங்கள் கண்ணுகளா, போன் இல்லாத பிள்ளைக்கு மூன்றாம் நாளிலிருந்து கண் தெரிய ஆரம்பிக்கிறது.

"அப்பா" என்றான் கோல்ட்டன், சிங்கி இறாலை உடைத்துக்கொண்டே. "நீங்களும் அம்மாவும் வீட்டுல ஏன் வேற வேற நேரத்துல சாப்பிடறீங்க?"

"அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு" என்றான் டுவைட்.

"அப்பா, ஆபீஸ் அவசரம், ஆபீஸ் அவசரம்னு மேல்தளத்துல பாத்தீங்களே" என்றாள் டெலேனி. "அது யாரோ மீன் பிடிக்கிற வீடியோதானே? சுத்திலும் கடல் இருக்கே, அப்பா."

டுவைட்டுக்குப் புரையேறியது. லோர்னா தண்ணீரை நீட்டினாள். மகள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் என்ன பேசினாள் என்பதை அவள் கவனிக்கவில்லை. மேசைக்கு அடியில் கை தட்டச்சு செய்தது: "டெலேனி இன்று மூன்று முழு வாக்கியம் பேசினாள்." குழுவிலிருந்து பன்னிரண்டு இதயங்கள் வந்தன.

மறுநாள் காலை, சிரித்த குற்றத்துக்காக எவரெட்டுக்கு அவன் தாயார் அறையை விட்டு வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். ஆட்டத்தில் நாலாவது நாற்காலி காலியாயிற்று.

லோர்னா மேல்தளத்து நீச்சல்குளத்தங்கரையில் இருந்தாள். கப்பலில் நல்ல இடம் வேண்டுமென்றால் விடியும்போதே போய்ச் சாய்நாற்காலியில் துண்டைப் போட்டு வைக்க வேண்டும். லோர்னா இரண்டு நாற்காலிக்குத் துண்டு போட்டிருந்தாள், ஒருவேளை மகள் வந்தால் என்று. தினமும் போட்டாள். அன்றைக்கு டெலேனி நிஜமாகவே வந்து அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, வேலையா இருக்கியா?"

"இல்லடி கண்ணு, சொல்லு."

"ரெண்டு காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. ஒண்ணு நம்ம ஊருலயே. இன்னொண்ணு ஓரிகன்ல."

ஒன்றரை வருடமாகக் காத்திருந்த நேரம். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தாய் என்ன செய்வாள்? குழுவுக்குத் தெரிவிப்பாள். "பேசுகிறாள். தானாக வந்து. கல்லூரி பற்றி" என்று தட்டினாள்.

"இந்த வாரத்துக்குள்ள எதுன்னு சொல்லணும். எவரெட் ஓரிகன்தான்னு சொல்றான், ஆனா அவன் எந்தக் காலேஜ்னாலும் அவங்கம்மாகிட்டேருந்து எவ்வளவு தூரம்னுதான் பாக்கறான். எனக்கு அப்படி இல்ல."

"ஒரு நிமிஷம் கண்ணு, அப்படியே இரு" என்று சொல்லி லோர்னா ஒரு படம் எடுத்தாள். மகள் பேசுகிற படம். வெளிச்சம் நன்றாக இருந்தது.

டெலேனி தாயின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நம்ம ஊருன்னா வீட்டுலேருந்தே போலாம்மா. இன்னும் நாலு வருஷம் நான் வீட்டுலயே இருந்தா உனக்குத் தொந்தரவா இருக்குமா? அதத்தான் கேக்க வந்தேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் தலைவியின் பதில் வந்தது. குறுக்கிடாதீர்கள், கண்ணைப் பார்த்துக் கேளுங்கள், தலையசைத்துக்கொண்டே இருங்கள் என்று பத்திப் பத்தியாக நீண்ட பதில். லோர்னா ஒரு வரி விடாமல் படித்தாள். படித்துக்கொண்டே தலையசைத்தாள்.

"அம்மா?"

"கேட்டுட்டுதான் இருக்கேன்டி. நல்லா யோசிச்சு முடிவு பண்ணு. பதினொரு மணிக்கு மீட்டிங், முடிச்சுட்டு வந்து சாவகாசமா பேசலாம்."

டெலேனி எழுந்தாள். போனவள் திரும்பினாள். "யூக்கர்ல ஒரு ஆள் குறையுது. ஆட வரியா? நீ ஆடினா யாராலயும் ஜெயிக்க முடியாதுன்னு அப்பா சொல்லுவாரு."

"வரேன் வரேன், நாற்காலியைப் பிடிச்சு வை" என்றாள் லோர்னா. வருவதாகத்தான் இருந்தாள், பொய் இல்லை.

அவசரக் கூட்டம் இனிப்புப் பந்தியின் அருகில் நடந்தது. முகங்களில் கலவரம்.

"எம் பொண்ணு எங்கிட்ட வந்து, நீ சந்தோஷமா இருக்கியான்னு கேக்கறா" என்றாள் ஒரு தாய், நடுங்கிய குரலில். "நான் எதுவுமே பண்ணலைங்க, சும்மாதான் உக்காந்திருந்தேன்."

"எம் பையன் பக்கத்துலயே உக்காந்திருக்கான்" என்றார் ஒருவர். "போடான்னா, எங்க போறதுங்கறான்."

"எங்க வீட்டுல ரெண்டும் சேர்ந்து, கல்யாணத்துக்கு முன்னாடி கதையெல்லாம் சொல்லுன்னு பிடிச்சுக்கிச்சு. லீவுக்கு வந்தா கொஞ்சம் நிம்மதி வேணாமா?"

ரொண்டா அவர்கள் கையமர்த்தினார். தலைமை என்றால் அது தலைமை. "பிள்ளைங்க நல்லா இருக்கணும்னுதான் போனை வாங்கினோம். பிள்ளைங்க நல்லா இருக்கணும்னுதான் திருப்பிக் கொடுக்கப்போறோம். நம்ம கொள்கையில மாத்தமே இல்ல."

கப்பலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம். அதில் உயர்ந்த வகையை ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுத்துக்கொடுப்பது என்று இரண்டாம் தீர்மானம். கைகள் உயர்ந்தன. லோர்னாவின் கை பாதியில் நின்றது. சாய்நாற்காலியில் மகள் என்னவோ கேட்டாளே என்று ஒரு ஞாபகம் வந்து தட்டியது. தொந்தரவு என்று ஏதோ. பிறகு, பாவம் குழந்தை, நாலு நாளாகப் போன் இல்லாமல் வாடிப்போயிருக்கிறாள், கொடுத்தால் முகம் மலருமே என்றும் தோன்றியது. அன்புதான், கண்ணுகளா, வேறொன்றும் இல்லை. கை முழுதாக உயர்ந்தது.

பெட்டகத்தைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு அவளே காப்பிக் கடைக்குப் போனாள். மேசையில் மூன்று பேர். நாலாவது நாற்காலியில் டெலேனியின் துண்டு விரித்திருந்தது. தாயைக் கண்டதும் டெலேனி அந்தத் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கோல்ட்டன் சீட்டைக் கலைக்கத் தொடங்கினான்.

"அம்மா எங்க ஜோடி இல்ல, உன் ஜோடி. அப்புறம் தோத்துட்டு என்னைத் திட்டக் கூடாது" என்றான்.

"உங்களுக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்" என்றாள் லோர்னா, முகமெல்லாம் சிரிப்பாக. இரண்டு போனையும் மேசையில் வைத்தாள். "ஊருக்குப் போற வரைக்கும் எவ்வளவு வேணாலும் பாத்துக்கலாம்."

டெலேனி போனைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். "நீ ஆட வரலையா?"

"குழுவுல நன்றி சொல்ற நிகழ்ச்சி இருக்குடி. முடிஞ்சதும் ஓடி வரேன்."

"சரி" என்றாள் டெலேனி. போனை எடுத்துக்கொண்டாள்.

அன்று பகல் ஒரு மணிக்குள் கப்பலில் அமைதி திரும்பியது. அப்படியொரு அமைதியை அந்தக் கடல் கண்டதில்லை. ஐஸ்கிரீம் குழாய் தனியாகச் சொட்டியது. காப்பிக் கடை மேசையில் சீட்டுகள் கலைந்து கிடந்தன, பணியாள் வந்து திரட்டிக்கொண்டு போனார். எந்தத் தாயையும் யாரும் சந்தோஷமா என்று கேட்கவில்லை. டுவைட் மீன் பிடிக்கிற வீடியோவை நிம்மதியாகப் பார்த்து முடித்தான்.

லோர்னா நன்றி நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தபோது, பக்கத்துச் சாய்நாற்காலியில் டெலேனி படுத்திருந்தாள். கை நீட்டினால் தொடலாம். இனிமேல் பேசலாம் என்று லோர்னா சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் போன் அதிர்ந்தது. ரொண்டா அவர்கள்: "வாழ்த்துகள் கண்ணு. ஓரிகன். எவ்வளவு பெருமையா இருக்கும் உனக்கு."

லோர்னா போனில் மகளின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஓரிகன் கல்லூரியின் கரும்பச்சைப் பனியன் ஒன்றின் படம். கீழே: 'முடிவு செய்துவிட்டேன். ஓரிகன். ஆகஸ்ட்டில் கிளம்புகிறேன்.' அறுபது பேர் வாழ்த்தியிருந்தார்கள். ஏழாவது ஆளாக டுவைட் வாழ்த்தியிருந்தான்.

லோர்னா திரும்பி மகளைப் பார்த்தாள். டெலேனி தலை நிமிரவில்லை, கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்தப் படத்துக்கு ஓர் இதயம் போட்டாள். பக்கத்து நாற்காலியில் மகளின் போன் லேசாக அதிர்ந்தது. டெலேனியும் பதிலுக்கு ஓர் இதயம் போட்டாள்.

குழுவின் நிறைவுக் கூட்டத்தில் தலைவி வாசித்த அறிக்கை எல்லாப் பெற்றோரும் கேட்டு நடக்கத் தக்கது. பயணத்தின் கடைசி மூன்று நாளில் பிள்ளைகளால் ஒரு சச்சரவு இல்லை, ஒரு கேள்வி இல்லை, ஒரு சிரிப்புச் சத்தம்கூட இல்லை என்று அதில் இருந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்படி வளர்த்த பெற்றோரைக் கைதட்டிப் பாராட்டாமல் இருக்க முடியுமா? நடுக்கடலில் ஒரு பெண் தாயைத் தேடி வந்துவிட்டாள். இருபது குடும்பங்கள் கூடி, தீர்மானம் போட்டு, கூடுதல் பணமும் கட்டி, அவளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைத்தார்கள்.