எருமைக் கழுத்தனுக்கு ஒரு டச்சப்

கை சும்மா இருக்காதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. திருடர்களைச் சொல்லவில்லை. திருடன் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவான், பொருளாவது பிழைக்கும். நான் சொல்வது டச்சப் திலகங்களை. சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்குவார்கள், நேராக்கியதில் ஆணி ஆடுகிறதே என்று அதைப் பிடுங்கி மறுபடி அடிப்பார்கள், அடித்த இடத்தில் காரை உதிர்ந்ததே என்று பூசுவார்கள், பூசிய இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறதே என்று கடைசியில் வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்க ஆள் வந்து நிற்கும். படம் எங்கே? கட்டிலுக்கு அடியில். கேட்டுப் பாருங்கள், "ஒரு சின்ன டச்சப்தாங்க" என்பார்கள்.

என் அக்காவின் கணவர் இந்த இனத்தில் முதல் தரம். அத்தான் சேர்ப்பது மல்யுத்த வீரர் கார்டுகள். சின்ன வயதில் சூயிங்கத்தோடு வந்தவை. செட்டில் எல்லா வீரரும் சேர்ந்தாயிற்று, 'இடிமுழக்கம்' என்கிற ஒருவனைத் தவிர. அவனுக்காக அத்தான் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, என் அக்காவுக்காகக்கூட அவ்வளவு ஏங்கியதாகத் தகவல் இல்லை.

அந்த இடிமுழக்கம் எங்கள் தெருமுனைப் பல் டாக்டரிடம் உபரியாக ஒன்று இருந்தான். டாக்டரிடம் இல்லாதவன் 'எருமைக் கழுத்தன்'. அத்தானிடம் அவன் இரண்டு: செட்டில் ஒன்று, உபரி ஒன்று. பொருத்தம் பார்க்க இதைவிட என்ன வேண்டும்? டாக்டர் அத்தானின் உபரியை வாங்கிப் பார்த்தார்.

"மூலை மடங்கியிருக்கு, ஓரம் கொஞ்சம் பிசிறு. பரவாயில்ல சார், வயசானா அப்படித்தான். என்னோட கார்டு வீட்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, மாத்திக்கலாம்."

காரியம் பழம். ஞாயிறுவரை அந்தக் கார்டைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அது அத்தானால் ஆகிற வேலையா?

மடங்கிய மூலைக்குத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தார். மூலை நிமிர்ந்ததும் ஓரப் பிசிறு கண்ணை உறுத்தியது. பிளேடால் மயிரிழை சீவினார். இந்தப் பக்கம் சீவியதில் அந்தப் பக்கம் கோணலாகத் தெரிய, அதையும் சீவினார். மேலும் கீழும் மட்டும் என்ன பாவம் செய்தன என்று அவற்றையும் சீவ, கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. வெளுத்த ஓரத்துக்கு ஸ்கெட்ச் பேனா. பேனா கையில் இருக்கும்போதே மீசைக்கும் ஒரு இழுப்பு. பளபளப்புக்கு அக்காவின் நிறமில்லாத நகப்பாலிஷ்.

"ஏங்க, அவர்தான் இப்படியே போதும்னு சொல்லிட்டாரே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவர் நல்ல மனுஷன், பெருந்தன்மையா சொல்றாரு. நாமதான் பார்த்துச் செய்யணும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்றால் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். நாற்காலியில் ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்திருந்தார். டாக்டர் அவர் முகத்துக்கு மேலிருந்த விளக்கைக் கார்டின் பக்கம் திருப்பினார்.

"என்ன சார், இவன் இளைச்சுட்டானே?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டாக்டர் அந்தக் கார்டை இடிமுழக்கத்தின் மேல் வைத்தார்; நாலு பக்கமும் இடிமுழக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு மோந்து பார்த்தார்.

"நகப்பாலிஷ். மீசை வேற வளர்ந்திருக்கு."

"புதுசு மாதிரி இருக்குல்ல, டாக்டர்?" இதைச் சிரித்த முகத்தோடு கேட்டார் என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

"புதுசு வேணும்னா நான் ஏன் சார் பழசைத் தேடி அலையறேன்? மடங்கின மூலையோட அவன் அவனா இருந்தான். இப்ப யாருன்னே தெரியல. ஒண்ணு பண்ணுங்க. உங்க செட்டுல இருக்கிறவனைக் குடுங்க, இடிமுழக்கத்தை எடுத்துக்குங்க. இதை உங்க செட்டுல வச்சுக்குங்க. உங்களுக்குத்தான் பிடிச்சிருக்கே!"

அத்தான் பதறிப்போனார். "என்ன டாக்டர் பேசறீங்க? வெட்டின கார்டைப் போய் என் செட்டுல எப்படி வைக்கிறது?"

நாற்காலியில் இருந்தவர் பஞ்சையும் மீறிச் சிரித்துவிட்டார். டாக்டர் இடிமுழக்கத்தை இழுப்பறையில் போட்டு மூடினார். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். புது ஆபீசுக்கு உங்கள் போட்டோவை அனுப்பியபோது, கன்னத்துப் பருவை மட்டும் எடுத்தால் போதும் என்றுதானே நீங்களும் ஆரம்பித்தீர்கள்? பரு போனதும் மூக்கு பெரிதாகத் தெரிந்தது. மூக்கைச் சுருக்கியதும் நெற்றி ஏறியது. நெற்றிக்கு நாலு முடி நட்டீர்கள். உங்களை அழைத்துப்போக ரயில் நிலையத்துக்கு வந்த டிரைவர் அதே போட்டோவை உங்களிடமே நீட்டி, "இவரை எங்கயாவது பார்த்தீங்களா, சார்?" என்று கேட்டாரே, மறந்துவிட்டதா?