மார்கரெட் வீட்டு வாசலைக் கழுவிய வெள்ளிக்கிழமை

அன்று அங்கே இருந்தவர்கள் நால்வர்: நான், என் மனைவி வசந்தி, பக்கத்து வீட்டு மார்கரெட், அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வந்த டாக்ஸி சாரதி. குற்றவாளி நான் ஒருவன்தான்.

லண்டன் இல்ஃபோர்டில் விடிய எழும்பினால் தெருவெல்லாம் பனி. மார்கரெட்டுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். பத்து மணிக்கு அவருக்குக் கண் ஆப்பரேஷன். மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த நாள். தவறவிட்டால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அவர் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவர் வழுக்கி விழுந்தால்? நான் பனி தள்ளப்போய், அந்த இடத்திலேயே விழுந்தால்? என்மேல் வழக்கு வருமோ?

ஏழு மணிக்கே மண்வெட்டியோடு இறங்கி இரண்டு வீட்டு வாசலையும் வழித்துத் துப்புரவாக்கினேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் கூட்டிய வாசலைக் கழுவாமல் விடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கேத்திலில் நாலு தரம் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றிக் கழுவினேன். (எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தண்ணீர் உறைகிற பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.)

ஒன்பது மணிக்கு வசந்தி கதவைத் திறந்தாள். வாசல் கண்ணாடி போலப் பளபளத்தது.

"இஞ்சருங்கோ, என்னத்தைச் செய்து வைச்சிருக்கிறியள்?"

"கழுவினனான்."

"அந்த மனிசி கண்ணுக்கு ஆப்பரேஷன் செய்யப் போகுதோ, காலுக்குச் செய்யப் போகுதோ?"

அதற்குள் டாக்ஸி வந்தது. இறங்கிய சாரதி இரண்டு எட்டு வைத்துவிட்டு எங்கள் மதிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மார்கரெட் தன் படியில் நின்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தெளிவாகத் தெரிந்திருக்காது என்பதே எனக்கு ஒரே ஆறுதல்.

"முன்னறைக் கம்பளத்தைச் சுருட்டுங்கோ," என்றாள் வசந்தி.

"அது புதுசெல்லோ?"

"சுருட்டுங்கோ எண்டுறன்."

மார்கரெட்டின் படியிலிருந்து டாக்ஸிக் கதவு வரை சிவப்புக் கம்பளத்தை விரித்தோம். ஒரு கையை நானும் மறு கையை வசந்தியும் பிடிக்க, கல்யாணப் பொம்பிளை போல அவர் நடந்து வந்தார். ஏறி உட்கார்ந்த பிறகு, "நன்றி," என்றார். "அடுத்த முறை பனியைப் பனியாகவே விட்டுவிடு."

ஆப்பரேஷன் நேரத்துக்கு நடந்தது. இப்போது அவருக்கு நன்றாகக் கண் தெரிகிறது. பனி கொட்டினால் எங்களுக்கு முன்பே எழும்பி, இரண்டு வாசலையும் அவரே வழித்துவிடுகிறார். நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, விழுந்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பனி நாளில் வெளியே இறங்க எனக்கு இரண்டு வீட்டிலும் அனுமதி இல்லை.