டிரம் அண்ணனின் ரெக்கார்டு

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தவர்கள் ஆயிரம் பேர்; காதைத் திறந்துகொண்டு வாழ்ந்தவர் டிரம் அண்ணன் ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் நான் குமாஸ்தா. அவர் டிரம் ஓட்டுபவர். எங்களுக்கு டிரம் என்றால் மேளம் அல்ல. ஈரத் தோல்களைப் போட்டுச் சுற்றவிடும், ஆளைவிட இரு மடங்கு உயரமான மரப்பீப்பாய். அதன் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே, "இன்னும் அரை மணி ஓடணும், தோலு வெறப்பா விழுது" என்பார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது.

ஒரு ஞாயிறு, வேலூர் லாங் பஜாரில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ரெக்கார்டு வாங்கி, நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்குக் கொண்டு வந்தார். அட்டையின் பின்புறம் 'டிரம்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"பாத்தீங்களா சார்? நம்ம டிரம்மைப் பத்தி பிளேட்டே போட்டிருக்கான் அமெரிக்காக்காரன்!"

அது ஃப்ரீ ஜாஸ் என்ற வகை இசை என்றது அட்டை. தோலுக்குச் சாயம் அடிக்கும் பக்கத்து அறைக் கலர் மணி எட்டிப் பார்த்தார்.

"ஃப்ரீன்னு போட்டிருக்கு, துட்டு குடுத்தா வாங்கின?"

அன்று நாட்குறிப்பில் எழுதினேன்: 'டிரம்ஸ் என்பதை அண்ணன் தவறாகப் புரிந்துகொண்டார்.' அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

அண்ணன் அறையிலிருந்த பழைய பிளேயரில் ரெக்கார்டு சுழன்றது. ஒரு சாக்ஸபோன் வீறிட்டது. இன்னொன்று அதனோடு சண்டைக்குப் போனது. மேளக்காரர் இருவரையும் சட்டை செய்யாமல் தன் வழியே போனார். தினமும் மாலை ஐந்தரைக்கு இதே. தன் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை என்று கீழ்வீட்டு ஓனர் பாய் குறைபட்டார். விசாரித்தேன், ஒரு நாள்தான்.

பதினோராம் நாள் பாய் படியேறி வந்தார். "இன்னாப்பா பேஜார் இது? ஞாயித்துக்கெழமைக்குள்ள பிளேட்டை ஒழி. இல்லாட்டி ரூமைக் காலி பண்ணு."

அண்ணன் முகம் வாடிவிட்டது. "ஒரே ஒரு வாட்டி உக்காந்து கேளுங்க பாய். அப்பவும் புடிக்கலன்னா நானே தூக்கிப் போட்டுர்றேன்."

ஞாயிறு மாலை நான்கு மணி. பாய் நாற்காலியில், மணியும் நானும் தரையில். வேலையில் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பதுபோலவே, தலையைச் சாய்த்தபடி அண்ணன் ரெக்கார்டு அருகே நின்றார்.

"மோட்டார் போட்டாச்சு... தோலு மேல ஏறுது, ஏறுது... இப்ப விழும் பாருங்க!"

தொப்பென்று மேளம் விழுந்தது.

"பெல்ட்டு கத்துது, கேக்குதா? லோடு ஜாஸ்தி!"

பாய் முன்னால் சாய்ந்தார். அவரும் இளவயதில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அப்போது சாக்ஸபோன் ஒரே சுருதியில் நீளமாக ஊதியது. மணி விருட்டென்று எழுந்து டிபன் பாக்ஸைத் தேடினார்.

"எங்கடா போற?" என்றார் பாய்.

"ஷிஃப்ட் சங்கு..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாய் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "ஞாயித்துக்கெழம மட்டும் போட்டுக்கோ. என்னையும் கூப்புடு. மத்த நாளு கோழிக்கு லீவு."

அறை தப்பியது. ஏழு வருடம் ஞாயிறுதோறும் கேட்டோம். மூன்றாவது வருடத்தில், அண்ணன் சொல்லாமலே தோல் விழும் இடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலையை விட்டு அணைக்கட்டு என்ற ஊரிலிருந்த மகள் வீட்டுக்கு அவர் புறப்பட்ட நாளில், பஸ் ஸ்டாண்டில் ஒப்புக்கொண்டேன். "அண்ணே, அந்த டிரம்ஸ்னா மேளம்."

"தெரியுமே சார். கடையில மொத வாட்டி ஓட்டிக் காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. மேளம்னு சொல்லியிருந்தா நீங்கள்ளாம் குந்தி கேட்டிருப்பீங்களா?" ரெக்கார்டை என் கையில் திணித்தார். "நீங்களே வச்சுக்கோங்க. மவ வூட்ல மாடு இருக்கு, பால் கறக்காது."

வீடு திரும்பியதும் பழைய நாட்குறிப்பை எடுத்து, 'தவறாகப் புரிந்துகொண்டார்' என்ற அந்த ஒரு வரியை அடித்தேன். இத்தனை வருட நாட்குறிப்புகளில் அடித்தல் உள்ள பக்கம் அது ஒன்றுதான்.